சிஸ்டம் ஸ்லோ ஆகாமல் ஒரு ஆன்டிவைரஸ்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார், "ஆன்டிவைரஸ் போட்டதிலிருந்து சிஸ்டம் ரொம்ப ஸ்லோ" என்பது. கடைக்காரருக்கு அதற்கு ஒரு சுலபமான வழி தெரியும்: ஆன்டிவைரஸை எடுத்துவிடுவது. கணினி உடனே சுறுசுறுப்பாகிவிடும், வந்தவரும் நிம்மதியாகப் போவார். அடுத்த மாதமே யாரோ கொடுத்த பென் டிரைவோ, கூரியர் கம்பெனியின் பெயரில் வந்த ஒரு மின்னஞ்சலோ அவருடைய கணக்குக் கோப்புகளையும் குடும்பப் படங்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கலாம். வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் உள்ள உறவு இங்கேதான் இருக்கிறது. கனமான பாதுகாப்பை மக்கள் அணைத்துவிடுகிறார்கள். அணைத்து வைத்த ஆன்டிவைரஸ் சோதனைக்கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் பயனில்லை. ஆகவே எடை குறைவு என்பது கூடுதல் வசதியாக எண்ண வேண்டிய ஒன்றில்லை. அது பாதுகாப்பின் ஒரு பகுதியே.

எந்த ஆன்டிவைரஸ் எடை குறைந்தது என்று நேராகப் பெயர் சொல்லிவிட முடியாததற்குக் காரணம், எடை என்பது ஒரே பொருளாக இல்லை என்பதுதான். விண்டோஸில் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அந்தக் கோரிக்கை டிஸ்க்கைப் போய்ச் சேருமுன் இயங்குதளத்தின் மையமான கர்னலில் உட்கார்ந்திருக்கும், ஆன்டிவைரஸின் ஃபில்டர் டிரைவர் அதை இடைமறிக்கிறது. ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பைப் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகே நமக்கு அது திறக்கிறது. பார்ப்பதிலும் படிகள் உண்டு. இந்தக் கோப்பை முன்பே சோதித்திருக்கிறோமா, அதற்குப் பின் அது மாறாமல் இருக்கிறதா என்று முதலில் தன் நினைவுப் பட்டியலைப் புரட்டும். தெரிந்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடும். இல்லையென்றால் வைரஸ் அடையாளங்களோடு ஒப்பிடும். சுருக்கிய ஸிப் கோப்பு என்றால் பிரித்து உள்ளே பார்ப்பதும் உண்டு. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் அந்த நிரலை ஒரு போலிச் சூழலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நடத்தையைக் கவனிக்கும், அல்லது இணையம் வழியாகத் தன் நிறுவனத்தின் சர்வரைக் கேட்கும். ஒவ்வொரு படிக்கும் நேரம் போகிறது. முதல் படியிலேயே எத்தனை கோப்புகளைத் தீர்த்து அனுப்ப முடிகிறது என்பதுதான் நல்ல மென்பொருளையும் மோசமான மென்பொருளையும் பிரிக்கிறது.

இதிலிருந்தே சில விஷயங்கள் விளங்கும். இரண்டு ஜிபி அளவுள்ள ஒரே சினிமாவை நகலெடுக்கும்போது ஆன்டிவைரஸின் சுமை கண்ணுக்கே தெரியாது. அதே இரண்டு ஜிபி பல்லாயிரம் சின்னக் கோப்புகளாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை என்று வேலை நொண்டும். புதிய மென்பொருளை நிறுவுவது எல்லாவற்றிலும் கனமானது, ஏனென்றால் அதில் வரும் கோப்புகள் அனைத்தும் ஆன்டிவைரஸ் அதுவரை பார்க்காதவை. படம் பார்ப்பதும் கடிதம் அடிப்பதும் கிட்டத்தட்டப் பாதிக்கப்படாது. ஆக, வீட்டில் யூடியூபும் வாட்ஸ்அப்பும் பார்ப்பவருக்கு லேசாகத் தெரியும் ஒரு ஆன்டிவைரஸ், நாள் முழுக்க ஸிப் கோப்புகளைப் பிரிக்கும் டிடிபி கடைக்காரருக்குக் கனமாகத் தெரியலாம். இருவர் சொல்வதும் உண்மைதான்.

கோப்பு திறக்கும் நேரத்துச் சோதனை போக, மொத்த டிஸ்க்கையும் அலசும் முழு ஸ்கேன் தனிச் சுமை. வைரஸ் அடையாளங்களை அப்டேட் செய்து மறுபடி நினைவகத்தில் ஏற்றுவது இன்னொன்று. இந்த மூன்றும் அவசியமானவை. அவசியமே இல்லாத நான்காவது சுமை ஒன்றும் கூடவே வருகிறது: விபிஎன், "பிசி கிளீனர்", பாஸ்வேர்டு மேனேஜர், பிரவுசர் துணைநிரல், தள்ளுபடி விளம்பரம் என்று ஆன்டிவைரஸோடு சேர்த்து நிறுவப்படும் மற்ற சரக்குகள். என் பார்வையில், இன்று மக்கள் படும் வேகக்குறைவில் பெரும்பங்கு வைரஸ் தேடும் எஞ்சினிலிருந்து வருவதைவிட இந்தக் கூடுதல் சரக்கிலிருந்தே வருகிறது.

எஞ்சினின் எடை குறைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 2000-களின் நடுப்பகுதியில் நார்ட்டன் என்றாலே கணினி நகராது என்ற பெயர் இருந்தது. அதைத் தயாரித்த சைமன்டெக் நிறுவனம் அதன் 2009 பதிப்பை வேகத்தையே குறியாக வைத்துத் திருத்தி எழுதியது. உலகெங்கும் பல கணினிகளில் இருக்கும், நல்லது என்று தெரிந்த கோப்புகளை ஸ்கேன் செய்யாமல் விடும் முறை அப்போது அதில் வந்தது. 2009-ல் ஸ்பெயினின் பாண்டா நிறுவனம் தேடும் வேலையின் பெரும்பகுதியைத் தன் சர்வர்களுக்கு மாற்றிய கிளவுட் ஆன்டிவைரஸை வெளியிட்டது. இன்று ஏறக்குறைய எல்லோருமே இந்த இரண்டு உத்திகளையும் கையாள்கிறார்கள்.

கிளவுட் முறையில் ஒரு விலை ஒளிந்திருக்கிறது, அதைப் பலரும் சொல்வதில்லை. நெட் இல்லாதபோது சர்வரைக் கேட்க முடியாது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரிலுள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகம், இணைய இணைப்போடும் இணைப்பில்லாமலும் வைரஸ் கண்டறியும் விகிதத்தைத் தனித்தனியே வெளியிடுகிறது. பிட்டிஃபெண்டர் போன்றவை நெட் இல்லாமலே தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பிடிக்கின்றன. பாண்டா, ட்ரெண்ட் மைக்ரோ போன்றவை இணைப்பில்லாத நிலையில் வெகுவாக இறங்கிவிடுகின்றன. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரும் இந்தப் பட்டியலில் மேலே இருப்பதில்லை. வீட்டில் எந்நேரமும் ஃபைபர் இணைப்பு இருப்பவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நெட் கொடுக்காமல் வைத்திருக்கும் பில்லிங் கம்ப்யூட்டருக்கு, பென் டிரைவிலேயே எல்லாம் வந்துபோகும் அச்சகத்துக்கு, இந்த எண் வேக எண்ணைவிட முக்கியம். லேசானது என்ற ஒரே காரணத்துக்காக அங்கே கிளவுடை நம்பும் ஒன்றைப் போடுவது தவறான தேர்வு.

வேகத்தை அளக்கும் சோதனைகளில் நம்பத்தக்கவை இரண்டு. ஒன்று மேலே சொன்ன ஏவி-கம்பேரட்டிவ்ஸ். கோப்பு நகலெடுத்தல், ஸிப் செய்தல், பிரித்தல், மென்பொருள் நிறுவுதல், நீக்குதல், திறத்தல், கோப்பு இறக்குதல், இணையப் பக்கம் பார்த்தல் ஆகியவற்றை ஆன்டிவைரஸ் இல்லாமலும் இருந்தும் ஓட்டிப் பார்த்து, ஒரு பொதுவான பெர்ஃபாமன்ஸ் சோதனை நிரலின் மதிப்பெண்ணையும் சேர்த்து 'தாக்க எண்' ஒன்று தருகிறது. எண் சிறியதென்றால் சுமை குறைவு. மற்றொன்று ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட். பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஒவ்வொன்றுக்கும் 6 என்று 18 மதிப்பெண். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: சோதனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை வேகத்தில் 5.5 அல்லது 6 வாங்கிவிடுகின்றன. எல்லோரும் முதல் வகுப்பில் தேறும் தேர்வு, தேர்ந்தெடுக்க உதவாது. ஆகவே வேகத்துக்கு நான் ஏவி-கம்பேரட்டிவ்ஸின் அட்டவணையைத்தான் பார்ப்பேன், அதிலும் மொத்த எண்ணைவிட வரிவரியான விவரத்தை. நம் வேலை எதுவோ அந்த வரியில் அந்த மென்பொருள் எப்படி என்பதே கேள்வி.

அந்த அட்டவணையை வாசிக்கும்போது மறந்துவிடக் கூடாத ஒன்று: அவர்கள் 'குறைந்த திறன்' என்று வைத்துச் சோதிக்கும் கணினியிலும் எஸ்எஸ்டி இருக்கிறது. நம் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகளில் இருப்பது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளைப் படிக்கும் வேகம் வினாடிக்கு நூறு வாசிப்புகளைத் தொடாது. எஸ்எஸ்டியில் அது பல்லாயிரம். ஆன்டிவைரஸின் வேலை பெரும்பாலும் இப்படிச் சிதறிய வாசிப்புதான். எனவே எஸ்எஸ்டியில் 'மிகக் குறைந்த தாக்கம்' என்று பெயர் வாங்கியது, சுழலும் டிஸ்க்கில் கணினியைப் பத்து நிமிடம் முடக்கிப் போடலாம். காலையில் கணினியைப் போட்டதும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ப்ராசசர் இருபது முப்பது சதவீதத்தில் இருக்க, 'டிஸ்க்' மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், ஆன்டிவைரஸை மாற்றிப் பெரிய பயன் கிடைக்காது. ஆண்டுதோறும் ஆன்டிவைரஸுக்குச் சந்தா கட்டும் பணத்தை ஒருமுறை எஸ்எஸ்டியில் போட்டால் வரும் வித்தியாசத்தை எந்த மென்பொருளும் தராது. பலர் டாஸ்க் மேனேஜரில் ரேம் அளவை மட்டும் பார்த்து, "இது 200 எம்பி எடுக்கிறது, கனம்" என்று முடிவு கட்டுகிறார்கள். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் அந்தக் கவலை நியாயம். 8 ஜிபி இருந்தால் அந்த எண் பெரிதாக எதையும் சொல்வதில்லை.

இனி டிஃபெண்டர். மைக்ரோசாஃப்ட் 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, அதன் ஸ்பைவேர் தடுப்பு மென்பொருளிலிருந்து வளர்த்தது இது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது முழு ஆன்டிவைரஸாக இயங்குதளத்துக்குள்ளேயே சேர்ந்தது. ஆரம்ப ஆண்டுகளில் பாதுகாப்புச் சோதனைகளில் பின்தங்கி இருந்தது. இப்போது ஏவி-டெஸ்டில் பாதுகாப்புக்கு முழு மதிப்பெண் வாங்குவது அதற்குச் சாதாரணம். வேகத்தில் அவ்வளவு நல்ல பெயர் இல்லை. ஏவி-கம்பேரட்டிவ்ஸின் வேக அட்டவணையில் பல சுற்றுகளில் அது பின்வரிசையில்தான் நின்றிருக்கிறது. விண்டோஸை எழுதியவர்களே எழுதியதால் இதுதான் மிக லேசானது என்ற பரவலான நம்பிக்கையைச் சோதனைகள் ஆதரிக்கவில்லை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரோடு அதற்கு இருந்த சிக்கல். ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போதெல்லாம் டிஃபெண்டரின் சேவை நிரல் ப்ராசசரை அளவுக்கு மீறித் தின்கிறது என்று மொஸில்லாவின் பிழைப் பட்டியலில் 2018-லேயே பதிவானது. தீர்வு வந்தது 2023-ல். நினைவகத்தின் அனுமதிகளை மாற்றும் ஒரு விண்டோஸ் அழைப்பை ஃபயர்ஃபாக்ஸ் அடிக்கடி பயன்படுத்துகிறது; அப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் டிஃபெண்டர் தேவைக்கு மேல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதைத் திருத்திய பின், ஃபயர்ஃபாக்ஸில் இணையம் பார்க்கும்போது டிஃபெண்டர் எடுக்கும் ப்ராசசர் பங்கு சுமார் 75 சதவீதம் குறைந்ததாக மொஸில்லாவின் பொறியாளர் தெரிவித்தார். ஐந்து ஆண்டுகள் எத்தனையோ பேர் தங்கள் பழைய கணினியையோ பிரவுசரையோ நொந்துகொண்டிருந்திருப்பார்கள். எடை எங்கிருந்து வருகிறது என்பதைச் சாதாரணப் பயனரால் வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாத இடங்களும் உண்டு.

இத்தனைக்குப் பிறகும், வீட்டுக் கணினிக்கு என் முதல் தேர்வு டிஃபெண்டர்தான். அதில் விளம்பரம் இல்லை, சந்தா முடிவதில்லை, நான்காவது சுமை என்று மேலே சொன்ன சரக்கு எதுவும் இல்லை. அதன் எஞ்சின் கொஞ்சம் கனமாக இருந்தாலும் மொத்தச் சுமையில் அது பல போட்டியாளர்களைவிடக் குறைந்துவிடுகிறது. திட்டமிட்ட ஸ்கேன் ப்ராசசரில் சராசரி 50 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற வரம்பு அதில் இயல்பாகவே இருக்கிறது. பவர்ஷெல்லில் ஒரு வரிக் கட்டளையால் அதை 20, 30 என்று இறக்கலாம். ஸ்கேன் நடக்கும் நேரத்தை டாஸ்க் ஷெட்யூலரில் மதிய உணவு நேரத்துக்கோ கடை மூடும் நேரத்துக்கோ மாற்றலாம். எந்தக் கோப்புறை, எந்த நிரல் ஸ்கேனை அதிகம் இழுக்கிறது என்று பதிவு செய்து காட்டும் கருவி ஒன்றும் பவர்ஷெல்லிலேயே இருக்கிறது. சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்கள் அதைப் பார்த்த பிறகே மாற்று ஆன்டிவைரஸ் பற்றிப் பேச வேண்டும் என்பேன்.

காசு கொடுத்து வாங்குவதற்கும் சரியான காரணங்கள் உண்டு. நெட் இல்லாத கணினி அதில் ஒன்று. நாள் முழுக்கப் புதுக் கோப்புகளைக் கையாளும் வேலை இன்னொன்று. சிக்கல் வந்தால் தொலைபேசியில் தமிழிலோ இந்தியிலோ பேசி உதவி கேட்க ஆள் வேண்டும் என்பதும் நியாயமான காரணமே. ஸ்லோவாகியாவின் ஈசெட் நிறுவனம் ஆரம்பத்திலிருந்தே எடை குறைவைத் தன் அடையாளமாக வைத்திருப்பது. அதன் நாட்32 பழைய கணினிகளில் நன்றாக ஓடும் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. 1991-ல் ஜெ. கேசவர்தனன் சென்னையில் தொடங்கிய கே7 ஜப்பான் சந்தையிலும் காலூன்றிய நிறுவனம். ஏவி-கம்பேரட்டிவ்ஸின் வேகச் சோதனைகளில் பல முறை அது முன்வரிசையில் வந்திருக்கிறது. உள்ளூர்ப் பொருள் என்பதால் அதைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் அந்த அட்டவணையைப் பார்க்கலாம். ஆனால் கே7 சில சமயம் நல்ல கோப்பையும் வைரஸ் என்று பிடித்துவிடுகிறது; அதே ஆய்வகத்தின் தவறான எச்சரிக்கைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. புனேயில் கைலாஷ் கட்கரின் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையிலிருந்து வளர்ந்த குவிக் ஹீல் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும், பென் டிரைவ் சோதனையில் கண்டிப்பானது. அதைச் சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் போடுமுன் சோதனைப் பதிப்பை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். காஸ்பர்ஸ்கி வேகத்திலும் பிடிப்பதிலும் நெடுங்காலமாக நல்ல மதிப்பெண் வாங்குவது. அமெரிக்க அரசு 2024-ல் அதன் விற்பனையையும் அப்டேட்டையும் தன் நாட்டில் தடை செய்தது. அமெரிக்க வாடிக்கையாளர்களோடு வேலை செய்யும் சிறு மென்பொருள் நிறுவனங்கள் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இலவச ஆன்டிவைரஸ்களின் எஞ்சின்கள் மோசமானவை அல்ல. அவாஸ்டும் ஏவிஜியும் ஒரே எஞ்சினில் ஓடுபவை, வேக அட்டவணையில் நல்ல இடத்திலேயே இருப்பவை. கவலை வேறு இடத்தில். அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்த இணையப் பக்கம் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியே விற்றது 2020 ஜனவரியில் வெளியானது. 2024-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் அதற்காக 1.65 கோடி டாலர் செலுத்த வைத்தது. 2021-ல் நார்ட்டன் தன் ஆன்டிவைரஸுக்குள்ளேயே கிரிப்டோ நாணயம் தோண்டும் வசதியைச் சேர்த்தது. பயனர் தானே இயக்கினால்தான் ஓடும் என்றாலும், கணினியின் முழுச் சக்தியையும் எடுக்கும் ஒரு வேலையைப் பாதுகாப்பு மென்பொருளுக்குள் வைக்கத் துணிந்தார்கள் என்பது எனக்கு வேதனையான செய்தி.

பிரவுசருக்குள் ஆன்டிவைரஸ் தலையிடுவது பற்றிச் சுருக்கமாக ஒன்று. விண்டோஸில் குரோமுக்குள் பிற மென்பொருள்கள் தங்கள் நிரல்வரிகளைச் செருகினால் பிரவுசர் முடங்கும் வாய்ப்பு 15 சதவீதம் கூடுகிறது என்று கூகுள் 2017-ல் சொன்னது. பின்னர் அத்தகைய செருகலைத் தடுக்கவும் தொடங்கியது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் மோசடித் தளங்களைத் தடுக்கும் வசதி சொந்தமாகவே உண்டு. ஆன்டிவைரஸ் நிறுவும்போது பிரவுசர் துணைநிரல் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்வதில் பெரிய இழப்பில்லை.

ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் கூடாது. இரண்டு ஃபில்டர் டிரைவர்களும் ஒவ்வொரு கோப்பையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்க்கும். ஒன்று ஸ்கேன் செய்யத் திறப்பதை மற்றொன்று ஸ்கேன் செய்யும். வேறொன்றை நிறுவியதும் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும், அந்த அளவில் பயமில்லை. ஆபத்து புது மடிக்கணினியோடு வரும் சோதனைப் பதிப்புகளில் இருக்கிறது. அதை நீக்காமலே வேறொன்றை வாங்கிப் போடுவார்கள், அல்லது காலாவதியான பின் அப்படியே விட்டுவிடுவார்கள். கண்ட்ரோல் பேனலில் நீக்கினாலும் பழைய டிரைவர் தங்கிவிடுவது உண்டு. பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவை முழுதாகத் துடைக்கும் தனி நீக்கல் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. அதை ஓட்டி, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, 'விண்டோஸ் செக்யூரிட்டி' பக்கத்தில் டிஃபெண்டர் மறுபடி விழித்துவிட்டதா என்று பார்த்துவிடுவது அவசியம். கிராக் செய்த கீ போட்டு ஓடும் ஆன்டிவைரஸைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை: அந்தக் கிராக் நிரலை இறக்குவதற்கே பாதுகாப்பை அணைக்கச் சொல்வார்கள்.

விலக்குப் பட்டியல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வியாபாரிகளுக்கு அதிக வேகம் தருவது அதுதான். டாலி போன்ற கணக்கு மென்பொருளின் டேட்டா கோப்புறையில் கோப்புகள் ஓயாமல் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறை எழுதும்போதும் சோதனை. அந்த ஒரு கோப்புறையை மட்டும் ஸ்கேனிலிருந்து விலக்கினால் பில் போடும் வேகம் கூடும். நிரலாளர்களுக்கும் அவர்களுடைய புராஜெக்ட் கோப்புறை அப்படியே. டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், டெம்ப் கோப்புறைகளையோ, சி டிரைவ் முழுவதையுமோ ஒருபோதும் விலக்கக் கூடாது. எந்த இடம் விலக்கப்பட்டிருக்கிறது என்று மால்வேர் எழுதுபவர்கள் தேடுவது உண்டு. விலக்கிய கோப்புறையைத் தினமும் வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும்.

வேகத்தைப் பேசும்போது கணினி அடியோடு நின்றுபோன நாட்களையும் சேர்த்தே பேசலாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் அடிப்படைக் கோப்பு ஒன்றை வைரஸ் என்று பிடித்து, உலகெங்கும் கணினிகளைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக வைத்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் கொடுத்தார்கள். கர்னலுக்குள் இடம் கொடுத்த எதற்கும் இந்த அதிகாரம் உண்டு. பத்துக் கணினிகள் உள்ள அலுவலகத்தில் எல்லாவற்றிலும் அப்டேட் ஒரே நேரத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வது இதனால்தான் தேவை.

கடைசியாகப் பழைய கணினிகள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். டிஃபெண்டரின் வைரஸ் அடையாள அப்டேட் மட்டும் குறைந்தது 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை மால்வேர் 2017 மே 12 அன்று பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் அதே ஆண்டு மார்ச் 14-லேயே வந்திருந்தது. அப்டேட் செய்யாத கணினிகள்தான் விழுந்தன. அப்டேட் நின்ற விண்டோஸில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸும் அப்படிப்பட்ட ஓட்டையை அடைக்காது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத மடிக்கணினியில் பிரவுசரும் கடிதமும் மட்டும்தான் வேலை என்றால், லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம்; எடையும் குறைவு, அப்டேட்டும் தொடரும். அங்கே பின்னணியில் ஓடும் ஆன்டிவைரஸ் பெரும்பாலான வீட்டுப் பயனர்களுக்குத் தேவைப்படாது. பழைய கணக்குகளைத் திறந்து பார்க்க மட்டும் விண்டோஸ் 10 வேண்டும் என்றால், நெட்டைத் துண்டித்துவிடுங்கள். புதுக் கோப்புகள் வராத அந்தக் கணினிக்கு டிஃபெண்டரே போதும்; அதன் அப்டேட் கோப்பு மைக்ரோசாஃப்ட் தளத்தில் தனியாகக் கிடைக்கிறது. அதை வேறொரு நல்ல கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து வாரம் ஒருமுறை நிறுவலாம்.